கொஞ்சம் ஆட்டம் வேண்டும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், டவர் மேடத்தை எனக்குப் பிடிக்காது. அன்றைக்கும் பிடிக்காது, இன்றைக்கும் பிடிக்காது. ஆனால் உனக்கு இங்கிலீஷ் கற்றுக்கொடுத்தது யார் என்று கேட்டால் அவள் பெயரைத்தான் சொல்லியாக வேண்டும். என்ன செய்ய, உண்மை அப்படி.

டவர் என்பது ஒரு விளையாட்டு. கடலுக்குள் மின்சாரக் காத்தாடி நட ஆரம்பித்திருந்த சமயம் அது. மலைக் கணவாயில் சுற்றும் பழைய காத்தாடிகளை எங்கள் பக்கத்து ஆட்கள் தமிழ் பேசியே ரிப்பேர் பார்த்து வந்தார்கள். கடல் காத்தாடி அப்படி இல்லை. கப்பலில் ஒரு தேசத்தான் இருப்பான், கரையில் இன்னொரு தேசத்தான் இருப்பான், உச்சியில் நம் ஆள் தொங்கிக்கொண்டிருப்பான். மூன்று பேருக்கும் பொதுவாக இருப்பது இங்கிலீஷ் மட்டும்தான். ஒரு வார்த்தை புரியாமல் போனால் உயிரே போகும். அதனால் எங்கள் ஐ.டி.ஐ.யில் காத்தாடி மெக்கானிக் படிக்கிறவர்கள் டவரில் தேறினால்தான் கடல் வேலை என்று வைத்துவிட்டார்கள்.

கண்ணில் கண்ணாடியும் நெற்றியில் ஒரு பட்டையும் மாட்டிக்கொண்டால் போதும், நீங்கள் காத்தாடிக்குள் நிற்பீர்கள். கைக்கு அங்கே வேலை கிடையாது, எல்லாம் வாய்தான். 'லேடர்' என்று சரியாகச் சொன்னால் ஏணி வரும். சொல்லாவிட்டால் கீழேயே நிற்க வேண்டியதுதான். ஒரு பெண் குரல் கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கும். அவளுக்கு நாங்கள் வைத்த பெயர்தான் டவர் மேடம்.

அதில் எங்களுக்கு ரொம்பப் பிடித்த சங்கதி ஒன்று உண்டு. ஒரு வார்த்தையை யார் முதன்முதலில் சரியான இடத்தில் சொல்கிறார்களோ, அதற்குப் பிறகு அந்த வார்த்தை அவர்கள் குரலில்தான் ஒலிக்கும். 'ரஸ்ட்' என்னுடையது. எங்கே துரு தெரிந்தாலும் "ரஸ்ட்டு!" என்று என் வெண்கலத் தொண்டை வகுப்பு முழுக்கக் கேட்கும். 'ரோப்' என் குழுவில் இருந்த சவரிராயனுடையது. அவன் 'ரோப்பு' என்பான். இங்கிலீஷ்காரன் கேட்டால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான், ஆனால் எங்களுக்கு அது சொந்த வீடு மாதிரி இருந்தது.

'ப்ளே' என்ற வார்த்தை மட்டும் யாருக்கும் சொந்தமாகவில்லை. அந்தக் கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது.

ஒருநாள் மேடம் பந்து விளையாடும் பிள்ளைகளின் படத்தைக் காட்டி, "ப்ளே" என்று சொல்லி, அர்த்தம் கேட்டாள். என் அண்ணன் டெம்போ ஓட்டுகிறவன். வாரத்துக்கு ஒருமுறை "வீல் பேரிங்ல பிளே விழுந்துட்டு" என்று புலம்புவான். எனக்கென்ன தெரியும்? "லூஸ்! பேரிங் லூஸ்!" என்று கத்தினேன். பீப் என்று தப்பு மணி அடித்தது. சவரிராயனும் அதையே சொன்னான், பீப். அப்புறம் வகுப்பு முழுக்க வரிசையாக பீப், பீப், பீப். டவர் வகுப்பைப் பார்த்துக்கொண்ட ஜெயசீலி டீச்சர் சிரித்த சிரிப்பில் அவருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"ஏ பிள்ளைகளா, ப்ளேன்னா விளையாட்டு."

"அப்பம் பேரிங்குக்குள்ள எவன் டீச்சர் விளையாடுதான்?" என்று கேட்டேன்.

டீச்சர் சிரிப்பை நிறுத்திவிட்டு யோசித்தார். "அட, ஆமாட்டி முப்பிடாதி. தமிழ்லயும் அப்படித்தான இருக்கு. ஆட்டம்னா விளையாட்டு. பேரிங் ஆட்டம் குடுக்குன்னும் சொல்லுதோம். ரெண்டு பாஷையிலயும் ஒரே மாதிரி வந்து விழுந்திருக்கு பாரேன்."

மேடத்துக்கு அந்த இரண்டாவது அர்த்தம் தெரியாது. அவளைப் பயிற்றுவித்தவர்கள் யாரும் வண்டிக்கு அடியில் படுத்ததில்லை போலிருக்கிறது.

இனி சொரிமுத்துவுக்கு வருகிறேன். நானும் சவரிராயனும் சொரிமுத்துவும் ஒரே குழு. எங்கள் மூவரில் கை வேலையில் அவன்தான் கெட்டி. ஆனால் பேச்சு திக்கும். அதிலும் 'ப' வந்தால் சுவரில் முட்டியது போல நின்றுவிடுவான். என் பெயரில் வரிசையாக ப்ப வருவதால் என்னை 'மூ' என்றே கூப்பிடுவான். நானும் "சொல்லுலே" என்று போய்விடுவேன். எங்களுக்கு அது பழகிப்போயிருந்தது.

ஆரம்பத்தில் மேடம் பொறுமையாகத்தான் இருந்தாள். அவன் திக்கித் திக்கிச் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தாள். கொஞ்ச நாளில் மாறினாள். கேள்வி கேட்டதும் கண் முன்னால் ஒரு பச்சைக் கோடு ஓட ஆரம்பித்தது. அது தீர்வதற்குள் பதில் சொல்ல வேண்டும். ஒவ்வொரு சரியான பதிலுக்கும் அடுத்த கோடு இன்னும் குட்டையானது. குழுவில் ஒருவன் தடுமாறும்போது மற்றவர்கள் பொருத்தமான வார்த்தை ஒன்றைச் சொன்னால் கோடு திரும்ப முதலிலிருந்து ஓடும். இருந்த ஒரே இரக்கம் அதுதான்.

அதோடு நிற்கவில்லை. நான் தப்பாகச் சொன்னால் ஒரு கூட்டம் சிரிக்கும் சத்தம் வந்தது. ஆறாம் வகுப்பில் நான் எழுந்து நின்று வாசித்தபோது சிரித்தார்களே, அதே சிரிப்பு. நான் யாரிடமும் சொன்னதில்லை. எந்தச் சத்தத்துக்கு என் உடம்பு நடுங்குகிறது என்பதை நெற்றிப் பட்டை காட்டிக்கொடுத்துவிட்டது. சொரிமுத்துவுக்கு அவனுடைய குரலையே வைத்துக்கொண்டாள். அவன் திக்கியதைப் பதிந்து, "ப்... ப்... ப்..." என்று ஒலிபெருக்கியில் எல்லாருக்கும் கேட்கும்படி திருப்பித் திருப்பிப் போட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் பெட்டியை எடுத்துக் கிணற்றில் போட்டிருப்பேன்.

ஆனால் வார்த்தைகள் ஒட்டின. அதைத்தான் வயிற்றெரிச்சல் என்பது. பயந்து கற்ற வார்த்தை தூக்கத்திலும் மறக்கவில்லை. எங்கள் ஐ.டி.ஐ. டவர் நடந்த எல்லா மையங்களையும் மார்க்கில் முந்தியது. ஐ.டி.ஐ. முதல்வர் வாசலில் பேனர் கட்டினார். சொரிமுத்து பேசுவதை நிறுத்தினான். முதலில் விளையாட்டில் நிறுத்தினான், பிறகு பட்டறையில் நிறுத்தினான். அப்புறம் ஒருநாள் பஸ் ஸ்டாப்பில் அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "வீட்லயும் ஒரு வார்த்தை பேச மாட்டேங்கானே. சோறு வேணுமான்னு கேட்டாக்கூட தலையத்தான் ஆட்டுதான். அங்கன என்னட்டி நடக்கு?" என்று கேட்டாள்.

டீச்சரிடம் போய் அழுதேன். அவர் டவரைச் செய்த கம்பெனிக்குப் போன் மேல் போன் போட்டு, சென்னையிலிருந்து நிவேதன் என்ற பொறியாளரை வரவழைத்துவிட்டார். அவன் பாவம், நல்ல பையன்தான். பட்டறையில் நின்றபடியே பேசினார்கள். நாங்கள் பேரிங் மாட்டிக்கொண்டே காதைத் தீட்டிக்கொண்டிருந்தோம்.

"அவமானப்படுத்தச் சொல்லி நாங்க யாரும் சொல்லலைங்க டீச்சர்" என்றான் நிவேதன். "வார்த்தை மனசுல பதியணும், அதுக்கு வழி கண்டுபிடின்னு மட்டும்தான் சொன்னோம். பயமும் வெட்கமும் நல்லாப் பதிய வைக்குதுன்னு அதுவாத் தெரிஞ்சுக்கிச்சு."

"சூடு போட்டா மாட்டுக்கும்தான் பதியும்" என்றார் டீச்சர். "அத நிறுத்துங்க."

"என் கையில இல்லைங்க. பல நாட்டுல ஓடுது. மார்க் ஏறிக்கிட்டே இருக்கும்போது யாரும் அதுல கை வைக்கமாட்டாங்க. மனுஷங்க குடுக்கற புகாரெல்லாம் ஒரு மூலையில கிடக்குது. அது கட்டாயமா கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான். கடைசிப் படியில பசங்க குடுக்கற கோளாறு ரிப்போர்ட். எந்த மெஷின், எந்தப் பாகம், என்ன கோளாறு, என்ன செய்யணும். நாலும் சரியா இருந்துட்டா அது அந்தக் கோளாறைச் சரிசெஞ்சே ஆகணும். அதோட விதி அது."

அந்த நேரம் பார்த்துத்தான் சவரிராயனின் பேரிங் புகைந்தது. "நல்லா டைட் வச்சிருக்கேன், இம்மி ஆடாது" என்று பெருமை அடித்துக்கொண்டு மோட்டாரைப் போட்டிருந்தான். கீச்சென்று கத்தி, சூடேறி, சுற்றாமல் நின்றுவிட்டது. சொரிமுத்து எழுந்துபோய் மோட்டாரை அணைத்தான். சூடு ஆறியதும் உள்ளே தேய்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, நட்டைத் துளி தளர்த்தினான். சவரிராயனின் விரலைப் பிடித்து அச்சின் மேல் வைத்து ஆட்டிக் காட்டினான். லேசாக, தலைமுடி அளவுக்கு ஆடியது. திரும்பப் போட்டால் அமைதியாகச் சுற்றியது.

"பாத்தியாலே? கொஞ்சம் ஆட்டம் இல்லன்னா பிடிச்சுக்கிடும்" என்று அவனுக்காக நான் சொன்னேன்.

சொரிமுத்து என்னைப் பார்த்தான், நிவேதனைப் பார்த்தான். பிறகு சுற்றிக்கொண்டிருந்த பேரிங்கையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மனதில் என்ன ஓடியதென்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

தேர்வு நாள் வந்தது. குழுவாகத்தான் ஏற வேண்டும். ஒருவன் விழுந்தால் மூவரும் காலி. காலையில் சொரிமுத்து என் முன்னால் வந்து நின்று, தன்னைத் தொட்டு, வாசலைக் காட்டி, கையை விரித்தான். நான் வரவில்லை, நீங்கள் பிழைத்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம்.

சவரிராயன் தரையைப் பார்த்தான். எனக்கு வந்ததே கோபம்.

"ஏ மூதி, நீ வரலன்னா நானும் ஏறமாட்டேன். கடலாவது காத்தாடியாவது, ஒண்ணும் வேண்டாம். நான் எங்க அண்ணனோட டெம்போல கிளீனராப் போயிருதேன். கெளம்பு."

அவன் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டான்.

ஹாலில் அதிகாரிகள், முதல்வர், டீச்சர், நிவேதன் எல்லாரும் இருந்தார்கள். பெரிய திரையில் எங்கள் ஆட்டம் ஓடியது. ஏறினோம். ஹார்னெஸ், ஹூக், லேடர், ஹாட்ச் என்று நானும் சவரிராயனும் சொல்லிச் சொல்லி ஏறினோம். சொரிமுத்துவுக்கு வந்த கேள்விகள் சின்னவை. 'ஆயில்' என்றான், 'நட்' என்றான், வியர்த்து வழிந்தது. உச்சிக்குப் போனதும் கியர்பாக்ஸிலிருந்து கரும்புகை வந்தது. கடைசிப் படி. கோளாறு ரிப்போர்ட் சொரிமுத்துவின் தலையில் விழுந்தது.

"மெஷின்?" என்றாள் மேடம். பச்சைக் கோடு ஓட ஆரம்பித்தது.

டர்பைன் என்று சொல்வான் என்று ஹாலே காத்திருந்தது. அவன் புகையைப் பார்க்கவே இல்லை. நேராக நிமிர்ந்து மேடத்தின் குரல் வந்த திசையைப் பார்த்தான்.

"தி... திஸ் கேம்."

இந்த விளையாட்டு. எனக்குப் புல்லரித்துவிட்டது. அட படுபாவி, இதற்குத்தானா அன்றைக்குப் பேரிங்கை அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தாய்!

தப்பு மணி அடிக்கவில்லை. மேடத்தின் மெஷின் பட்டியலில் டவர் என்ற இயந்திரமும் எங்கோ இருந்திருக்க வேண்டும். "பார்ட்?" என்றாள்.

"டை... டைமர்."

"ஃபால்ட்?"

"நோ..." என்றான். அதற்குமேல் வரவில்லை. உதடு ஒட்டிக்கொண்டது. கழுத்து நரம்பு புடைத்தது. கோடு சிவப்பானது.

என்ன வார்த்தைக்கு முட்டுகிறான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் ரிப்போர்ட்டை அவனேதான் சொல்ல வேண்டும். எங்களால் முடிந்தது கோட்டைப் பிடித்து வைப்பது மட்டும்தான்.

"ஹாட்!" என்று கத்தினேன். கோடு திரும்ப முதலிலிருந்து ஓடியது.

"டைட்!" என்றான் சவரிராயன். அவன் குரல் உடைந்திருந்தது. "டேஞ்சர்!"

"ஸ்மோக்! நாய்ஸ்! ஃபியர்!" என்றேன். அவள் எங்களுக்குச் சூடு போட்டுக் கற்றுக்கொடுத்த வார்த்தைகளையெல்லாம் எடுத்து அவள் மேலேயே வீசினோம். எல்லாம் பொருத்தமாகத்தான் இருந்தன போல, கோடு தீரத் தீர மறுபடி நிரம்பியது. எங்கள் கையிருப்பும் தீர்ந்துகொண்டே வந்தது.

அப்போது மேடம் தன் பழைய வேலையைக் காட்டினாள். ஒலிபெருக்கிகளில் சொரிமுத்துவின் குரல் அலறியது. "ப்... ப்... ப்..." ஹாலில் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். டீச்சர், "நிறுத்துங்கய்யா!" என்று எழுந்தே விட்டார்.

சொரிமுத்து கேட்டுக்கொண்டு நின்றான். அவன் முகத்தில் மெதுவாக ஒரு சிரிப்பு வந்தது. இத்தனை நாளாக வாசலில் நின்று மறித்த அந்த ஒரு எழுத்தை இப்போது அவளே அவனுக்காகச் சொல்லிக்கொண்டிருந்தாளே!

ஒலிபெருக்கி "ப்... ப்... ப்..." என்றது.

"...ளே!" என்றான் சொரிமுத்து.

இரண்டு குரலும் ஒன்றாகச் சேர்ந்து விழுந்தன. நோ ப்ளே, ஆட்டமே இல்லை. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்து மூக்கு ஒழுகியது, வெட்கமே இல்லாமல் துடைத்துக்கொண்டேன்.

"ப்ளே?" என்றாள் மேடம். "பால் கேம்?"

"நோ" என்றான். இப்போது அவன் அவசரப்படவில்லை. கோட்டை நாங்கள் பார்த்துக்கொள்வோம் என்று தெரிந்துவிட்டது அவனுக்கு. சவரிராயனும் நானும் மாறி மாறி வார்த்தை போட்டுக்கொண்டிருந்தோம். அவன் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் ஒவ்வொன்றாக வைத்தான். ரொம்ப டைட். டைட் என்றால் சூடு. சூடு என்றால் பேரிங் பிடித்துக்கொள்ளும். மனுஷனும் பிடித்துக்கொள்வான். கோடு ஆடாமல் இருக்கிறது, அதற்குக் கொஞ்சம் ஆட்டம் கொடு. நேரம் கொடு. சத்தத்தை எடு.

பிறகு மேடம் சொன்னாள், ரிப்போர்ட் முழுமையாக இருக்கிறதாம், நடவடிக்கை எடுக்கப்பட்டதாம்.

சிவப்புக் கோடு பச்சையானது. நீண்டுகொண்டே போய் ஓரத்தில் மங்கி மறைந்தது. "டேக் யுவர் டைம்" என்றாள். அவள் வாயிலிருந்து அப்படி ஒரு வாக்கியத்தை நாங்கள் கேட்டதே இல்லை. சொரிமுத்து நிதானமாக, திக்கித் திக்கி, கியர்பாக்ஸையும் சரிசெய்து முடித்தான். மூன்று பேரும் தேறினோம். நான் போட்ட கூச்சலில் முதல்வரின் பேனர் அறுந்து விழுந்தது என்று சவரிராயன் இன்றைக்கும் சொல்லித் திரிகிறான். அது பொய். காற்றில் விழுந்தது.

அன்று சொரிமுத்து வாசலில் காத்திருந்த அம்மாவிடம் போய், "ப... பசிக்கும்மா" என்றான். அந்த அம்மா அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

பிறகு ஒருநாள் நிவேதன் டீச்சருக்குப் போன் செய்தான். எங்கள் எல்லாரையும் கூட்டிவைத்துப் பேசினான். "எல்லா நாட்டுலயும் அது டைமரைத் தளர்த்திருச்சுங்க. வார்த்தை பதியறது குறையும்னு எங்க ஆளுங்க பயந்தாங்க. குறையல, கொஞ்சம் கூடியிருக்கு. சிரிச்சுக்கிட்டே கத்துக்கிட்டதும் பதியுதாம். பயம் கைக்குக் கிடைச்சதும் அது மேற்கொண்டு தேடவே இல்ல போல."

"அத எங்ககிட்ட மொதல்லயே கேட்டிருக்கலாம்லா" என்றேன். அவன் சிரித்துச் சமாளித்தான்.

அந்த வருஷக் கடைசியில் நாங்கள் கடலுக்குப் போனோம். முதல் வேலை, முதல் காத்தாடி. உச்சியில் நின்றால் கன்னியாகுமரிக் கரை கோடு போலத் தெரிந்தது. சொரிமுத்து பேரிங்கைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான். ரேடியோ என் கையில் இருந்தது. கப்பலிலிருந்து ஒரு பெண் பேசினாள். குரலைக் கேட்டால் எங்கள் வயதுதான், எந்தத் தேசத்துக்காரியோ தெரியவில்லை. பேரிங்கில் ஏதாவது "ப்... ப்... ப்ளே" இருக்கிறதா என்று கேட்டாள்.

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. எவள் அவள், முதல் நாளே இவனை நக்கல் பண்ணுகிறவள்? ரேடியோவை வாயருகே வைத்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் அத்தனையையும் திரட்டி வாங்கு வாங்கென்று வாங்கினேன். என் நண்பனை அவமதிக்கிறாயா, ஒழுங்காகப் பேசு என்றேன்.

அந்தப் பக்கம் அவள் திகைத்துப்போனாள். மன்னிக்க வேண்டும், நான் ஏதாவது தப்பாகச் சொல்லிவிட்டேனா என்று கேட்டாள். அவள் டவரில் படித்தவளாம். அந்த வார்த்தையை டவர் அப்படித்தான் சொல்லிக்கொடுத்ததாம். அவள் வகுப்பில் எல்லாருமே அப்படித்தான் சொல்வார்களாம், ப்... ப்... ப்ளே, அதுதானே சரியான உச்சரிப்பு என்றாள். கேலியே இல்லாமல், பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி சொன்னாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. முதலில் சரியாகச் சொன்னவன் குரல். ரிப்போர்ட் எல்லா நாட்டுக்கும் போனபோது அதோடு சேர்ந்து அவன் குரலும் போயிருக்கிறது. எந்தச் சத்தத்தை அவனைச் சிறுமைப்படுத்தப் பதிந்து வைத்தாளோ, அதே சத்தத்தை உலகத்துக்கெல்லாம் இதுதான் சரி என்று சொல்லிக்கொடுத்திருக்கிறாள் எங்கள் டவர் மேடம்.

சொரிமுத்துவைத் திரும்பிப் பார்த்தேன். கிரீஸ் கையோடு, கண்ணில் தண்ணீர் முட்டச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"ரேடியோவக் குடு" என்றான். பிறகு மூச்சை இழுத்து, அவசரமே இல்லாமல், "மு... முப்... ப்... ப்பிடாதி" என்று சொல்லி முடித்தான்.

கொடுத்தேன். அவன் பேச ஆரம்பித்தான். கப்பல் காத்திருந்தது, கரை காத்திருந்தது, நானும் காத்திருந்தேன்.

"எஸ். லிட்டில் ப்... ப்... ப்ளே. குட் பேரிங்" என்றான்.